ரயில் விட்டுச் சென்ற பாதை

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் என்றால் நம்மில் பலருக்கும் தொலைக்காட்சியில் பார்த்த டூர் டி பிரான்ஸ் பந்தயம்தான் நினைவுக்கு வரும். கொண்டை ஊசி வளைவுகளில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கும் இளைஞர்கள், பின்னாலேயே ஊர்ந்து வரும் கார்கள், இரு பக்கமும் கூச்சலிடும் கூட்டம். அந்த மலைகளுக்குள் சைக்கிளில் போய்வர அப்படிப்பட்ட உடம்பு வேண்டும் என்று எண்ணி ஆசையை அடக்கிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய என் சித்தப்பாவும் நானும் இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள டோலமைட் மலைகளின் நடுவே 1,530 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கணவாயை, ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில், சைக்கிளில் கடந்தோம். ஏற்றத்தில் ஓர் இடத்தில்கூட அவர் இறங்கித் தள்ளவில்லை. எங்கள் பாதையில் ஒரு மோட்டார் வண்டிகூட எங்களை முந்தவில்லை. நாங்கள் போனது ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை.

சித்தப்பா தெற்கு ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர்கேஜ் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பாதை ஆய்வாளர் (பி.டபிள்யூ.ஐ.) ஆகி, வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தின் மேலேயே வாழ்ந்தவர். சித்தி போனபிறகு வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமல் இருந்தவரை, கொஞ்ச நாள் மாற்றமாக இருக்கட்டும் என்று, அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த மியூனிக்குக்கு வரவழைத்திருந்தேன். அரண்மனை, அருங்காட்சியகம் எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஒருநாள் மேசைமேல் நான் விரித்து வைத்திருந்த மலை வரைபடத்தைக் குனிந்து பார்த்தவர், ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னடா? ரோட்டுப் பக்கத்துலயே போகுது. ஆனா ரோடு மாதிரி ஒடிஞ்சு வளையல. ரயில்வே லைனா?"

"ஆமா சித்தப்பா, பழைய லைன். தண்டவாளத்தை எடுத்துட்டாங்க. இப்ப சைக்கிள் பாதை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "போவமா?" என்றார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவராகக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ரயிலில் இத்தாலிக்குள் இறங்கி, பிரான்ஸன்ஸ்ஃபெஸ்டே சந்திப்பில் வண்டி மாறினால் டோப்லாக் வந்துவிடலாம். ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், புஸ்டர் பள்ளத்தாக்கில், 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பகுதி. 1919 உடன்படிக்கையில் இத்தாலிக்குப் போனது. இன்றும் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஜெர்மன் மொழிதான். பெயர்ப்பலகைகளில் டோப்லாக் என்றும் டோபியாக்கோ என்றும் இரண்டு பெயர்கள் இருக்கும். 1871இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே ரயில் கம்பெனி ஸ்டேஷனுக்கு அருகே பெரிய ஓட்டல் ஒன்றைக் கட்டியது. வியன்னாவின் பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கிய அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இப்போது இளைஞர் விடுதி. சிம்பொனி மேதை குஸ்தாவ் மாலரும் 1908 முதல் 1910 வரை மூன்று கோடைகளை ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் கழித்தார். காட்டோரத்தில் ஒரு சின்ன மரக் குடிலில் உட்கார்ந்து ஒன்பதாம் சிம்பொனியை எழுதினார். அமைதி வேண்டி இத்தனை தூரம் வந்தவர் அவர்.

ஊருக்கு நடுவே ஒரு பெரிய புல்வெளி. பார்வைக்கு அதில் ஒரு மேடுகூடத் தெரியாது. ஆனால் ஐரோப்பாவின் நீர் பிரியும் இடங்களில் அது ஒன்று. கிழக்கே ஓடும் ட்ராவ் ஆறு டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது; மேற்கே திரும்பும் ரியன்ஸ் ஆற்றின் நீர் கடைசியில் அடிஜேயில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. இதைச் சொன்னதும் சித்தப்பா நின்று இரு பக்கமும் பார்த்தார். "இந்த மாதிரி எடத்துலதான் லைன் போடுறவனுக்கு நிம்மதி. மலைக்குள்ள இருக்கான், ஆனா சமதளம் கெடைக்குது" என்றார்.

ஸ்டேஷன் பக்கத்திலேயே சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். அகலமான டயர், இருபதுக்கு மேற்பட்ட கியர், கேரியரின் இரு பக்கமும் தொங்கும் நீர் புகாப் பைகள். சித்தப்பா பிரேக்கை அழுத்திப் பார்த்தார், முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி ரிம் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார், மணியை ஒருமுறை அடித்தார். கழுத்தில் மப்ளரைச் சுற்றி, ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பூட்டினார். தெற்கே திரும்பினோம். ஹோலென்ஸ்டைன் பள்ளத்தாக்கின் வாய் திறந்தது.

டோப்லாக்கிலிருந்து கோர்தினா தம்பெத்ஸோ என்ற ஊர்வரை சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழி ஏற்றம், பாதி இறக்கம். நடுவில் இருப்பது சீமாபாங்கே கணவாய். டோப்லாக்கிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 300 மீட்டர் உயர வேண்டும். அந்த உயரத்தைச் சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ரயில்காரர்களின் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்று. ஐம்பது அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே. சித்தப்பாவுக்கு அது கணக்காகத் தெரியவில்லை, காலிலேயே தெரிந்தது.

"பாதைய பாக்காத. பெடல் எவ்வளவு கனமா இருக்குன்னு பாரு. கெளம்புனப்ப இருந்த அதே கனம்தான் இப்பவும் இருக்கு, பாத்தியா? ரோடு போடுறவன் மலைக்குத் தகுந்த மாதிரி ஏத்தி எறக்கி விட்ருவான். ரயில் போடுறவன் அப்படிச் செய்ய முடியாது. இருக்கறதுலயே கடுமையான ஏத்தம் எதுவோ, அதுதான் எஞ்சின் எவ்வளவு இழுக்கும்னு தீர்மானிக்கும். அதுக்குத்தான் ரூலிங் கிரேடியன்ட்னு பேரு. மேடு வந்தா வெட்டுவோம், பள்ளம் வந்தா மண்ணக் கொட்டி ஒசத்துவோம். ஏத்தத்த மட்டும் ஏத்த மாட்டோம்."

நீலகிரி ரயிலைப் பற்றியும் சொன்னார். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற ஏற்றம் இருப்பதால்தான் அங்கே பல்சக்கரம் தேவைப்பட்டது. இங்கே சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பை மட்டுமே நம்பிக் கணவாயைத் தாண்டியிருக்கிறார்கள். அந்தப் பொறியாளர்கள் எஞ்சினுக்காகச் செய்த கருணை, நூறாண்டு கழித்து ஒரு முதியவரின் முழங்காலுக்குக் கிடைத்தது. மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிந்ததற்கு இதுதான் காரணம்.

பேசிக்கொண்டே போக முடிந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டிகள் ஓடும் சாலையில் இருவர் சைக்கிளில் போனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் இருக்கிறாரா என்ற கவலை. பின்னால் வருகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்திலும் கவலை. மலையைப் பார்க்கத் தலையைத் திருப்பவும் பயம். இந்தப் பள்ளத்தாக்கிலும் ஒரு நெடுஞ்சாலை உண்டு. கோடையில் அதில் மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகும். ஆனால் பழைய ரயில் பாதை பெரும்பாலும் காட்டுக்குள், தனக்கென்று வெட்டிய தடத்தில், சாலையிலிருந்து விலகிப் போகிறது. குறுக்கே கடக்கும் ஓரிரு இடங்களைத் தவிர வண்டிகளோடு நமக்குச் சம்பந்தமே இல்லை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, நுண்ணிய சரளையைப் பரப்பி, உருளை விட்டு இறுக்கியிருக்கிறார்கள். டயருக்கு அடியில் அது நெறுநெறுவென்று மெல்லிய சத்தம் எழுப்பும். அதைத் தவிர ஆற்றின் ஓசை, எங்கோ மேயும் மாட்டின் கழுத்துமணி, எதிரே வருகிறவர்கள் சொல்லும் வணக்கம்.

டோப்லாக் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாதையை ஒட்டிய காட்டுக்குள், செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில் ஓர் இடுகாடு இருக்கிறது. மரச் சிலுவைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1915 முதல் 1917 வரை இந்த மலைகளில் நடந்த போரில் இறந்த ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையினர் ஆயிரம் பேருக்கு மேல் இங்கே கிடக்கிறார்கள். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போனோம். சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த ரயில் பாதை பிறந்ததே அந்தப் போரில்தான். 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் ஆஸ்திரியர்கள் கோர்தினாவைக் காலி செய்துவிட்டு வடக்கே மலைகளுக்குள் பின்வாங்கினார்கள். தெற்கிலிருந்து இத்தாலியர்கள் ஏறி வந்தார்கள். பாதையை ஒட்டி எழும் மோன்டே பியானா என்ற 2,324 மீட்டர் மலையின் உச்சிச் சமவெளியில் இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தன. அங்கே இருந்த சிப்பாய்களுக்கு ரொட்டியும் விறகும் குண்டும் போய்ச் சேர வேண்டும். டோப்லாக்கிலிருந்து தெற்கு நோக்கி ஆஸ்திரியர்கள் ஒரு சிறிய ராணுவ ரயில் பாதையைப் போட்டார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து கோர்தினாவை நோக்கி இத்தாலியர்களும் ஒன்றைப் போட்டார்கள். ஒருவரையொருவர் கொல்வதற்காக எதிரெதிரே வளர்ந்து வந்த அந்தத் தண்டவாளங்களைப் போருக்குப் பின் இணைத்து, 1921இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 950 மில்லிமீட்டர். நம் மீட்டர்கேஜைவிடச் சற்றுக் குறுகல். 1929இல் மின்மயமாக்கினார்கள். 1956இல் கோர்தினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இந்தச் சின்ன ரயில்தான் கூட்டத்தை ஏற்றி இறக்கியது. பிறகு கார்களும் பேருந்துகளும் பெருகின. ரயிலில் ஆள் குறைந்தது. 1964 மே மாதம் பாதையை முழுக்க மூடிவிட்டார்கள்.

"1964-ஆ?" என்று சித்தப்பா நின்றார். "நம்ம தனுஷ்கோடி லைனும் அதே வருஷந்தான் போச்சு. டிசம்பர் புயல்ல." வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் மௌனமாகவே மிதித்தார்.

லாண்ட்ரோ என்ற இடத்தில் இடப்பக்க மலைச்சுவர் சட்டென்று விலகுகிறது. அந்த இடைவெளியில், பள்ளத்தாக்கின் கோடியில், ஆல்ப்ஸின் மிகப் புகழ்பெற்ற பாறைகள் மூன்று தோள் சேர்த்து நிற்கின்றன. ஜெர்மன்காரர்கள் ட்ரை சின்னன் என்றும் இத்தாலியர்கள் ட்ரே சீமே என்றும் சொல்லும் மூன்று சிகரங்கள். நடுவில் இருப்பது 2,999 மீட்டர். சாலையில் வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, படம் எடுத்து, கிளம்பிப் போகிறார்கள். நாங்கள் மிதிக்கும் வேகத்தில் அந்தக் காட்சி மெல்லத் திறந்து, நின்று, மெல்ல மூடியது.

அடுத்து டூரன்ஸே ஏரி. 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆழமில்லாத ஏரி. பனி உருகும் காலத்தில் நிறைந்து, கோடை போகப் போகச் சுருங்கிவிடும். நாங்கள் போனபோது கரையோரம் அகலமாக வெள்ளைச் சரளைத் திட்டு தெரிந்தது. தண்ணீருக்கு மேல் கிறிஸ்டாலோ மலை, 3,221 மீட்டர், முதல் பனித்தூவலோடு. சரிவுகளில் லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஊசியிலை மரங்களில் இலையுதிர்காலத்தில் இலையை உதிர்க்கும் இனம் லார்ச். அக்டோபரில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பொன்னிறமாகிவிடும்.

கரையில் உட்கார்ந்து பையிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். சித்தப்பா காலடியில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மேல்புறம் சர்க்கரையைப் போலப் பொடிப்பொடியாக மினுங்கியது. "சுண்ணாம்புக்கல்லா?" என்றார். சுண்ணாம்புக்கல்லின் உறவுக்காரக் கல்தான், ஆனால் அதே கல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலைகளுக்கு வந்த டோலோமியு என்ற பிரெஞ்சு அறிஞர், சுண்ணாம்புக்கல் போலத் தெரியும் இந்தக் கல் நீர்த்த அமிலத்தில் அவ்வளவாக நுரைக்கவில்லை என்று கவனித்து 1791இல் எழுதினார். கால்சியத்தோடு மக்னீசியமும் கலந்த கார்பனேட் இது. அவர் பெயரே கல்லுக்கும், பின்னர் மலைத்தொடருக்கும் நிலைத்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டெதிஸ் என்று நிலவியலாளர்கள் சொல்லும் வெதுவெதுப்பான கடலின் ஆழமில்லாத பகுதிகளிலும் திட்டுகளிலும் படிந்த படிவுகள்தான் இந்தச் சிகரங்கள். நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், சித்தப்பா கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். "கடல்ல கெடந்தது இங்க நிக்குது" என்றார்.

ஏரியை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அவர் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் எப்போதும் வேலையில் இருப்பார். வீட்டில் இருந்தால் தூங்குவார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குப் பெயரளவில்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் மிதித்தபடி, முகத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தபடி, ட்ராலியைப் பற்றிச் சொன்னார். தண்டவாளத்தின் மேல் நாலு சக்கரத்தில் ஓடும் ஒரு மேடை. ட்ராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளிவிட்டு ஏறிக்கொள்வார்கள். இவர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் ஒவ்வொரு கட்டையையும் பார்த்துக்கொண்டே போவார். எந்த இடத்தில் ஜல்லி அமுங்கியிருக்கிறது, எந்த மதகில் மண் அரித்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். எந்தக் கேட்டில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"இதே வேகம்டா" என்றார். "ட்ராலி போற வேகம் இதுதான். இந்த வேகத்துலதான் நான் அத்தனை வருஷமும் ஊரப் பாத்தேன். ரிட்டயர் ஆனப்புறம் காருல, பஸ்ல போறப்ப எல்லாம் எதுவுமே கண்ணுல நிக்கல. எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சேன். வேகந்தான் காரணம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று பிரேக் பிடித்தார். ஓடை ஒன்று பாதைக்கு அடியில் கடக்கும் இடம். சரிவில் பார்த்து இறங்கி, கல்லால் கட்டிய சின்ன வளைவு மதகுக்கு முன்னால் குந்தினார். இரு கல்லுக்கு நடுவே இருந்த சாந்தை விரல் நகத்தால் சுரண்டினார், உதிரவில்லை. உள்ளங்கையால் கல்லைத் தட்டினார். ஓடையின் வாயில் அடைத்திருந்த காய்ந்த கிளைகளைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டார். தண்ணீர் ஒரு நொடி கலங்கி, பிறகு வேகம் பிடித்து ஓடியது. மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வச்சிருக்காங்க" என்றார். ஒரு ரயில்வேக்காரர் இன்னொரு நாட்டு ரயில்வேக்காரர்களுக்குத் தரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான் என்று எனக்குப் பட்டது.

சீமாபாங்கே கணவாயில் உச்சி என்று தெரியும்படி எதுவும் இல்லை. பெடல் இலேசாவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டோப்லாக் இருக்கும் தெற்கு டிரோல் முடிந்து வெனெத்தோ மாநிலம் தொடங்குவது இங்கேதான். வடக்கே விழும் மழை அடிஜே ஆற்றுக்கும், தெற்கே விழும் மழை பியாவே ஆற்றுக்கும் போகும். சிற்றுண்டிக் கடை ஒன்று இருக்கிறது. வெளிப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் இழுக்கும் தொட்டிலில் தூங்கும் குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. மோட்டார் உதவியுள்ள சைக்கிளில் வந்த எழுபது வயதுத் தோழிகள். வார் வைத்த பையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வெனிஸ் நோக்கிப் போகும் ஒரு மாணவி. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மூதாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது அந்த ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மரக்கிளைகளைத் தொட்டதை ஜெர்மனில் சொன்னார். குளிர்காலத்தில் இதே தடத்தில் பனியைச் சீராக்கிவிடுவார்கள், டோப்லாக்கிலிருந்து கோர்தினாவரை பனிச்சறுக்கில் போகலாம் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சித்தப்பா எழுந்து அவருக்குக் கைகூப்பினார். அந்த அம்மாவும் எழுந்து அதேபோலக் கைகூப்பினார்.

அங்கிருந்து இறக்கம். இரண்டு சின்னஞ்சிறு ஏரிகளை ஒட்டிப் போய், ஓஸ்பிதாலே வந்தோம். நடுக்காலத்தில் மலையைக் கடக்கும் யாத்ரீகர்களுக்கும் வணிகர்களுக்கும் சத்திரமாக இருந்த இடம்; பக்கத்தில் புனித நிக்கோலாவுக்கு ஒரு சிறிய பழைய கோயில். அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு குறுகி, ஃபெலிசோன் ஓடை ஆழத்தில் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கங்களுக்குள் நுழைந்ததும் காற்று குளிர்ந்தது. சித்தப்பா மணியை அடித்தார். ஓசை சுவரில் மோதித் திரும்பி வந்தது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது தண்ணீர் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது. ரயிலைத் தாங்குவதற்குக் கட்டிய பாலத்தில் இரண்டு சைக்கிள்களோடு நிற்கும்போது கிடைக்கும் நிம்மதி தனி.

பிறகு காடு விலகியது. கோர்தினாவின் அகன்ற புல்வெளியும், வலப்பக்கம் 3,244 மீட்டர் தோஃபானாவும் தெரிந்தன. ஊருக்குள் பழைய ரயில் நிலையத்திலேயே போய் நின்றோம். இப்போது அது பேருந்து நிலையம். மாலை வெயிலில் பாறைகள் சிவக்கத் தொடங்கின. பிளாட்பாரமாக இருந்த இடத்தில் நின்று, சித்தப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்டவாளத்த எடுத்தாங்க. நெலத்த எடுக்கல. அதான்டா விஷயம்."

அவர் சொன்னது முழு உண்மை. கோர்தினாவோடு இந்தப் பாதை முடியவில்லை. இன்னும் தெற்கே கலால்சோ வரை, மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. டோப்லாக்கிலும் ரயில் நிலையம் உண்டு, கலால்சோவிலும் உண்டு. ரயிலில் வந்து, சைக்கிளில் மலையைத் தாண்டி, ரயிலிலேயே வீடு திரும்பலாம். 1964இல் மூடியபோது இந்த நீளமான நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால், ஒரு ஓட்டலுக்குக் கொஞ்சம், ஒரு கார் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் என்று கொடுத்திருந்தால், பின்னால் எவ்வளவு பணம் கொட்டினாலும் இதை மீண்டும் உண்டாக்கியிருக்க முடியாது. ஒரு பாலத்தை மறுபடி கட்டலாம். இரண்டு ஊர்களை இணைக்கும் அறுபடாத ஒரு தடத்தை இன்றைய ஐரோப்பாவில் யாராலும் புதிதாக வாங்க முடியாது. அது ஒரே கோடாக மிச்சமிருந்ததால்தான், ராணுவம் போட்டு, ரயில் ஓடி, கைவிடப்பட்ட நிலம் இன்று தொட்டில் குழந்தையையும் எழுபது வயதுத் தோழிகளையும் சுமக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பனி முழுக்க உருகிய ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம்வரை நல்ல பருவம். கூட்டமில்லாத அமைதி வேண்டுமானால் செப்டம்பர். கோடை மாலைகளில் இடிமழை வரும், சில சமயம் கற்சரிவு பாதையை மூடிவிடும். எனவே காலையிலேயே கிளம்புங்கள், உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போங்கள். சுரங்கத்துக்கு விளக்கும், இறக்கத்துக்கு நல்ல பிரேக்கும், எந்த மாதமானாலும் ஒரு கம்பளி உடையும் அவசியம். வாடகைக்கு எடுக்கும் சாதாரண டூரிங் சைக்கிளே போதும். பந்தய வீரரின் உடம்பு தேவையில்லை. உட்கார்ந்து மிதிக்கத் தெரிந்தால் போதும். வயதான தாய் தகப்பனை, சித்தப்பா பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் எத்தனை வருடம் கூடவே இருந்தாலும் வராத பேச்சு அங்கே தானாக வரும்.

நம் ஊரிலும் அகலப் பாதை வந்தபோது கைவிடப்பட்ட மீட்டர்கேஜ் தடங்கள் உண்டு. மண் கரை அப்படியே கிடக்கும், கல் மதகும் இருக்கும், மேலே சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். உங்கள் ஊர் அருகே அப்படி ஒன்று இருந்தால் ஒருநாள் நடந்து பாருங்கள். அது துண்டு துண்டாகக் கைமாறிப் போவதற்கு முன், அந்த நிலத்தை ஒரே தடமாக மக்களுக்கு விட்டுவைக்கும்படி கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களும் லாரிக்குப் பயப்படாமல் சைக்கிளில் போய்வர, ஏற்றம் தணிந்த, நிழல் வைக்கத் தோதான பாதையை நம் ரயில்வேத் தொழிலாளர்கள் ஏற்கெனவே வெட்டி வைத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது அதைக் காப்பாற்றுவது மட்டும்தான்.